வராத புயலும் ‘கால் இட் எ டே’யும்

கொல்கத்தாவில், நியூ டவுனின் அகலமான சாலையில் சால்ட் லேக் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, தண்ணீர் பாட்டில், என் லைசென்ஸ். எனக்குப் பின்னால் பாதித் தளம் போட்ட ஒரு கட்டடமும், அதையொட்டி நான் ஓட்டிக்கொண்டிருந்த டவர் கிரேனும் நின்றன. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வேலையை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் இத்தனை ஊர் பார்த்திருக்க முடியாது.

போன காரணம் எளிமையானது. புயல் வருகிறது என்று சொல்லி, தளம் போடும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிரேனிலிருந்து இறங்கினேன். புயல் வரவில்லை. “அந்த ஆபரேட்டரை அனுப்பு, இல்லாவிட்டால் நீயும் கூடவே போ” என்று புராஜெக்ட் மேனேஜர் எங்கள் எஞ்சினியர் மேடத்திடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. மேடம் என்னை அனுப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் மேனேஜரின் அறைக்குள் பேசிக்கொண்டிருந்தபோதே நானாகக் கிளம்பினேன். நான் போனால் அவர் வேலை தப்பும் என்பது என் எண்ணம்.

இது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது ஓய்வு பெற்று, டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். போன மாதம் கிரேன் ஓட்டப் பழகுகிறவர்கள் சிலர் என்னைப் பேச அழைத்தார்கள். புதுக் கிரேனில் காற்றின் வேகம் கூடினால் முதலில் மணி அடிக்குமாம், அப்புறம் கருவியே தூக்க மாட்டேன் என்று நின்றுவிடுமாம். நல்ல விஷயம். “அங்கிள், இதெல்லாம் இல்லாத காலத்தில் வேலையை எது நிறுத்தியது?” என்று ஒருவர் கேட்டார். “ஒரு இங்கிலீஷ் வாக்கியம்” என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, சரியாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த கதை பெரியதில்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றது. விருதுநகரில் ஒரு புரோட்டாக் கடை, அப்புறம் லாரி கிளீனர். அந்த லாரி ஒருநாள் என்னைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. அங்கே கிரேனுக்குக் கிரீஸ் வைக்கிற வேலை. தங்க இடம் இல்லை. சரக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன், நன்றாகவே தூக்கம் வந்தது. கிரீஸ் வைத்தவன் ஓட்டவும் பழகினேன். பிறகு விசாகப்பட்டினம், பாரதீப், ஹால்தியா. ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக் கத்துவார், நான் பையை எடுப்பேன். இந்தி லாரியில் வந்தது. தெலுங்கு சாப்பாட்டுக் கடையில் வந்தது. வங்காளி, ஹால்தியாவில் காய்ச்சலாகக் கிடந்தபோது கஞ்சி கொடுத்த வீட்டில் வந்தது. இங்கிலீஷைத்தான் யாரும் தரவில்லை. லைசென்ஸ் பரீட்சைக்காக நானே கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊர்களில் எல்லாம் வேலையை நிறுத்துவதற்கு ஒரே வழிதான். மேலதிகாரி விசில் ஊதுவார், அல்லது “பந்த் கரோ” என்று கத்துவார். நிறுத்து என்பது கட்டளை. மேலே இருந்து கீழே வரும். கீழே இருந்து மேலே போனதை நான் பார்த்ததில்லை.

கொல்கத்தாவுக்கு வந்து நியூ டவுன் சைட்டில் சேர்ந்த முதல் நாள், கேபினில் உட்கார்ந்து வாக்கி-டாக்கியை ஆன் செய்தேன். ஒரு பெண் குரல் வங்காளியில் பெயர் கேட்டது. “செல்வராஜ்” என்றேன். பிறகு தமிழ் வந்தது.

“தமிழா! அப்பாடா. இனிமே நாம வாக்கியிலேயே ரகசியம் பேசலாம்.”

அவர்தான் மைதிலி மேடம். பாட்டனாரின் அப்பா ஒரு கம்பெனியில் கணக்கெழுத இந்த ஊருக்கு வந்தவராம். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் போகவில்லை. வீட்டில் தமிழ், வெளியில் வங்காளி, கோபம் வந்தால் இரண்டும். என்னைவிட வயதில் சிறியவர். அதனால் இந்த ஊர் வழக்கப்படி என் பெயரைச் சுருக்கி, அண்ணன் என்பதற்கு ஒரு ‘தா’ சேர்த்து, ‘ராஜ்தா’ என்று கூப்பிட்டார். தொழிலாளிகள் அவரைத் ‘தீதி’ என்றார்கள், அதாவது அக்கா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பாகக் கட்டிய கம்பியைப் பார்த்தால் அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஒன்றும் சொல்லமாட்டார். கட்டியவர் வந்து அவிழ்க்கும்வரை நிற்பார்.

தினமும் வேலை முடிகிற நேரத்தில் வாக்கியில் அவர் ஒரு வரி சொல்வார்: “ஓக்கே, லெட்ஸ் கால் இட் எ டே.” சிலநாள் கேட்டுவிட்டு, டீ குடிக்கும்போது கேட்டேன்.

“மேடம், அந்தக் கடைசி வரிக்கு என்ன அர்த்தம்?”

“வேலை முடிஞ்சுடுத்துன்னு அர்த்தம்.” டீயை ஒரு வாய் குடித்தார். “இல்லை, இருங்கோ. முடிஞ்சிருந்தா அப்படிச் சொல்ல மாட்டோமே. முடியலை. ஆனா பண்ணின வரைக்கும் இதை ஒரு நாள்னு வெச்சுக்கலாம். அதான் அர்த்தம்.”

பக்கத்தில் ரஃபிகுல் உட்கார்ந்திருந்தான். முர்ஷிதாபாத்காரன். தளத்தின் ஓரத்தில் நின்று, கான்கிரீட் பக்கெட்டை எங்கே இறக்க வேண்டும் என்று எனக்குக் கையால் காட்டுகிறவன் அவன்தான். மேலே இருக்கிற எனக்கு அவன் கைதான் கண். சென்னையில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அவனுக்கும் ஒரு தமிழ் உண்டு. யாரிடமும் அனுமதி வாங்காத தமிழ்.

“தீதி, அப்ப காலையில பத்து மணிக்கே நாள்னு வெச்சுக்கலாமா?” என்றான்.

“வெச்சுக்கலாம். கொஞ்சமாவது வேலை பண்ணியிருக்கணும். ஒண்ணும் பண்ணாதவன் கால் இட் எ டே சொல்ல முடியாது.”

“அப்ப மேனேஜர் சாஹேப் சொல்லக்கூடாது.”

மேடத்துக்குப் புரையேறிவிட்டது.

அந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கேபினில் யோசிக்க நேரம் உண்டு. என் பேத்தியின் போனில் தேடினால் ‘வேலையை நிறுத்து’ என்று காட்டுகிறது. அது சரியில்லை. இதில் கட்டளை கிடையாது. சொல்கிறவரும் சேர்ந்து நிறுத்துகிறார். மத்தியானமும் சொல்லலாம், கடையில் சாமான் வாங்கி அலுத்தவரும் சொல்லலாம். செய்தது போதும் என்று ஒப்புக்கொள்கிற தொனி அதில் இருக்கிறது. தோற்றுவிட்டோம் என்ற தொனி கிடையாது. ‘கால்’ என்றால் பெயர் வைப்பது. அரை நாளுக்கு முழு நாள் என்று நாமாகப் பெயர் வைக்கிறோம். அது சரியா தவறா என்று நிரூபிக்கத் தேவையில்லை, வைத்தால் வைத்ததுதான்.

மேடம் இதை எங்கள் சைட்டின் சட்டமாக ஆக்கினார். அதற்கு முன் அவர் இருந்த வேறொரு இடத்தில், சாரத்தில் ஒரு பலகை ஆடுவதை ஒருவன் பார்த்திருக்கிறான். சொல்லவில்லை. அங்கே இருந்தவர்களில் அவன்தான் கடைநிலை ஆள், நாம் சொல்வதா என்று இருந்துவிட்டான். பலகையோடு அவனே போனான். மேடம் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு சட்டத்தைச் சொன்னார். உயரத்தில் வேலை செய்கிற யாரும், யாராக இருந்தாலும், வாக்கியில் ‘கால் இட் எ டே’ சொல்லலாம். சொன்னதும் அவரவர் கையில் இருப்பதைப் பத்திரமாக வைத்துவிட்டு இறங்க வேண்டும். காரணத்தை டீ குடித்த பிறகுதான் கேட்கலாம். ஒருதடவை சொன்னதை அன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது.

“இதை ஏன் தீதி இங்கிலீஷ்ல சொல்லணும்? வங்காளியில சொன்னா ஆகாதா?” என்று கம்பி கட்டுகிற நிமாய் கேட்டார்.

“வங்காளியில சொன்னா ஆளாளுக்கு ஏன் ஏன்னு கேட்டுண்டு நிப்பீங்க. இங்கிலீஷ்ல சொன்னா ஆர்டர்னு நெனச்சு உடனே இறங்கிடுவீங்க.”

அது உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

முதலில் அதைச் சொன்னது ஒரு தச்சர். பலகைக்கு அடியில் குளவிக் கூடு. நாங்கள் எல்லோரும் இறங்கி, டீ குடித்து, காரணம் கேட்டு, சிரித்து, மறுநாள் புகை போட்டுக் கூட்டைக் கலைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். இன்னொரு நாள் நிமாய் சொன்னார். டீ முடிந்து காரணம் கேட்டால் தலையைச் சொறிகிறார். அன்று சாயங்காலம் பெரிய கால்பந்து ஆட்டம். எல்லோரும் மேடத்தின் முகத்தைப் பார்த்தோம்.

“காலையிலேயே சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு கோடு போட்டிருப்பேனே நிமாய்தா” என்றார். அவ்வளவுதான். நிமாய் ஆட்டத்துக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வெட்கம்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது என்பது கட்டட வேலையில் இருக்கிற எல்லோரும் சொல்வது. பழைய கான்கிரீட் இறுகிய பிறகு புதியதைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. இடைவெளியில் தண்ணீர் இறங்கும், விரிசல் விடும். ஆனால் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், நிறுத்தக்கூடிய இடங்கள் சில உண்டு. உத்தரத்தின் நடுப்பகுதியில் நிறுத்தலாம். தூணை ஒட்டி நிறுத்தக் கூடாது. மேடம் ஒவ்வொரு தளத்துக்கும் அன்று விடிந்ததும் வானம் தெளிவாக இருக்கும்போதே சாக்பீஸோடு ஏறி, பலகையில் கோடு போட்டு வைப்பார். இங்கே நிறுத்தலாம், அடுத்து இங்கே, அதற்கு அடுத்து இங்கே. கோட்டில் நிறுத்தி வைக்கத் தடுப்புப் பலகைகளையும் வெட்டி ஓரத்தில் சாய்த்துவிடுவார். ஆரம்பிக்கும்போதே நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று மேனேஜருக்கு மனத்தாங்கல்.

“நிறுத்த முடியாத வேலையை நான் ஆரம்பிக்க மாட்டேன் சார்” என்பார் மேடம். கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டுக்கொண்டே சொல்வார்.

அந்த நாள் சித்திரை மாதத்தில் வந்தது. கொல்கத்தாவில் அந்த மாதங்களில் பிற்பகல் திடீரென்று புயல் வரும். கால்பைசாகி என்பார்கள். காலையிலிருந்து வெயில் உரிக்கும், ஒரு மரம் அசையாது. பிறகு வடமேற்கிலிருந்து கருப்பாக ஒன்று கிளம்பி வந்து, டீ ஆறுகிற நேரத்துக்குள் விளம்பரப் பலகைகளைப் பிய்த்துவிட்டுப் போய்விடும்.

அன்று தளம். கான்கிரீட் பம்ப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருந்ததால், கிரேனில் பக்கெட் பக்கெட்டாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் தளம் போடும் நாளை ‘டாலாய்’ என்பார்கள். அது கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். முதல் பக்கெட்டுக்கு ஊதுபத்தி, தேங்காய். கீழே பெரிய அண்டாக்களில் சோறும் கோழிக் குழம்பும் வேகும். கடைசிப் பக்கெட் போட்ட பிறகுதான் சாப்பாடு. அதுவரை யாரும் தட்டை எடுக்க மாட்டார்கள். டாலாய் நாளில் அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனாலும் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் யாராவது எழுந்து நின்று பேசுவார்களா?

பாதித் தளத்துக்கு மேல் ஆகியிருந்தது. வடமேற்கில் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் ஒரு மேகம் எழுந்தது. ஏர்போர்ட் பக்கம் இறங்க வந்த ஒரு விமானம் இறங்காமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று. காற்று நின்றுவிட்டது. என் கேபினில் காற்றை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதன் முள் படுத்துக் கிடந்தது. அது வந்த காற்றைச் சொல்லும். வரப்போகிற காற்றைச் சொல்லாது.

கீழே பார்த்தேன். தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேகத்தைப் பார்த்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் பார்க்காதவர் மாதிரி வேலை செய்தார்கள். ரஃபிகுல் மேகத்தைப் பார்த்தான், என் கேபினைப் பார்த்தான், பிறகு ‘இறக்கு’ என்று கையைக் காட்டினான். ஓரத்தில், ஒரு கையால் பக்கெட்டைப் பிடித்து நிற்கிறவன் அவன். முதல் காற்று வந்து பக்கெட்டை அடித்தால் அது போகிற பக்கம் அவனும் போவான்.

கிரேனிலிருந்து இறங்குவது படியிறங்குவது மாதிரி இல்லை. தூக்கியதைக் கீழே வைக்க வேண்டும். கொக்கியை மேலே ஏற்ற வேண்டும், அதைத் தாங்குகிற டிராலியைக் கம்பத்துப் பக்கம் இழுக்க வேண்டும். பிறகு முக்கியமான ஒன்று. கிரேனின் கை திரும்பாமல் பிடித்திருக்கிற பிரேக்கை அவிழ்த்துவிட வேண்டும். பயப்படுகிறவனுக்குக் கட்டிப்போடத்தான் தோன்றும். கட்டினால் காற்று கிரேனைச் சாய்த்துவிடும். அவிழ்த்துவிட்டால் அது காற்று போகிற திசைக்குத் தானே திரும்பி நின்றுகொள்ளும். அதெல்லாம் முடித்து, மின்சாரத்தை நிறுத்தி, கம்பத்துக்குள்ளே ஏணி ஏணியாக இறங்க வேண்டும். புயல் வருவது உறுதியாகத் தெரிகிற நேரத்தில் இதையெல்லாம் ஆரம்பித்தால், பாதி ஏணியில் புயலோடு கைகுலுக்கலாம்.

வாக்கியை எடுத்தேன். “மேடம், கால் இட் எ டே.”

வாக்கியில் கரண்டி அண்டாவில் இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், தினமும் சொல்கிற அதே தொனியில் வந்தது.

“ஓக்கே. கால் இட் எ டே. எல்லாருக்கும் கேட்டுதா? ராஜ்தா, தூக்கியிருக்கறதை ரெண்டாவது கோட்டுல போடுங்க. அதோட சரி. ரஃபிகுல், பலகையை வை.”

கடைசிப் பக்கெட் இரண்டாவது கோடு வரை நிரப்பியது. பலகையை அடித்தார்கள். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கால் தரையைத் தொட்டபோது முகத்தில் நான்கு சொட்டு விழுந்தது. குளிர்ந்த காற்று ஒன்று, கல்யாண வீட்டில் விசிறுகிற மாதிரி, எங்களைத் தடவிவிட்டுப் போயிற்று. மேகம் வடக்கே திரும்பி, எங்களைப் பார்க்காமலே நடந்துவிட்டது. பின்னாலேயே வெயில் வந்தது.

நிமாய் வானத்தைப் பார்த்து, “அழகான காற்று” என்றார்.

மேனேஜரின் கார் வந்தது. அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தளம் இன்று முடியும் என்று மேலே யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வாசலில் கலவை லாரிகள் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

“எங்கேப்பா உன் புயல்?” என்று என்னிடம் வங்காளியில் கேட்டார். “உல்டாடாங்கா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதா?”

சிலர் சிரித்தார்கள். நல்ல கேலிதான். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“ஏறு மேலே. இன்னும் வெளிச்சம் இருக்கிறது.”

“இன்னிக்கு முடியாது சார். சொல்லியாச்சு” என்றார் மேடம்.

“யார் சொன்னது? கிரேன்காரன் சொன்னால் நாள் முடிந்துவிடுமா?”

“ஆமாம் சார். இந்த சைட்ல முடியும்.”

அப்போதுதான் மேனேஜர், அவனை அனுப்பு, இல்லாவிட்டால் நீயும் போ என்று சொன்னார். சொல்லிவிட்டு அறைக்குள் போனார். மேடம் பின்னாலேயே போனார். நான் பையை எடுத்தேன்.

சாலையில் நடக்கும்போது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் பாதி கட்டிய வீடுகள், வலது பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டிய பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹவுரா போனால் விசாகப்பட்டினத்துக்கு வண்டி இருக்கும். துறைமுகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வயிறு மட்டும் கோழிக் குழம்பை நினைத்துக் கொஞ்சம் முனகியது.

பின்னால் ஒரு டோட்டோவின் மணி. டோட்டோ என்பது இங்கே பாட்டரியில் ஓடும் ரிக்‌ஷா. அது என்னைத் தாண்டிப் போய்க் குறுக்கே நின்றது. ரஃபிகுல் இறங்கினான். கையில் ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது.

“அண்ணா, எங்க போறது?”

“விசாகப்பட்டினம்.”

“சாப்பிட்டுப் போ.”

“வேண்டாம்டா. நீ போய்ச் சாப்பிடு.”

“எப்படிச் சாப்பிடும்? யாரும் சாப்பிடலை. தளம் பாதி. பாதித் தளத்துக்குச் சாப்பிடலாமா, கூடாதா, யாருக்கும் தெரியலை. அண்டா முன்னாடி எல்லாரும் நிக்கிறாங்க, கோழி ஆறிப் போகுது. மேடம் வெளிய வந்து சொல்லிச்சு, கால் இட் எ டே ஆச்சுன்னா நாள் முடிஞ்சுது, நாள் முடிஞ்சா சாப்பாடு. நிமாய்தா கேட்டாரு, யார் முதல்ல? மேடம் சொல்லிச்சு, சொன்னவர்தான் முதல்ல. பார்த்தா, நீ இல்லை!”

தட்டைத் திறந்தான். டோட்டோக்காரர் எட்டிப் பார்த்து, துண்டு பெரியதாக இருக்கிறது என்று சாட்சி சொன்னார்.

“நான் போனாத்தான் மேடத்துக்கு நல்லதுடா” என்றேன். “மேனேஜர் சொன்னதைக் கேட்டேல்ல?”

ரஃபிகுல் சாலையோரத் திண்டில் உட்கார்ந்தான். அவனுடைய தமிழ் அவனுக்குப் போதவில்லை, வங்காளிக்கு மாறினான். “கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள். நீ போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? வாயைத் திறந்தவன் போய்விட்டான் என்று நினைப்பார்கள். நாளைக்கு ஒரு பலகை ஆடினால் நான் சொல்வேனா? எனக்கு மூன்று பிள்ளைகள். சொல்ல மாட்டேன். நான்கூடச் சொல்ல மாட்டேன், அண்ணா. நீ மேடத்தின் வேலையைக் காப்பாற்றுகிறாய், சரி. அவர் எதற்காக அந்த வேலையில் இருக்கிறாரோ அதை எடுத்துக்கொண்டு போகிறாய்.”

இத்தனை வருடமும் நான் பையை எடுத்தபோது எல்லாம் என்னோடு போனது நான் மட்டும்தான். என்னால் வேறு யாருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. பிறர் சொத்து ஒன்று என் பையில் இருக்கிறது என்று ஒருவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

“மேடம் மேனேஜர்கிட்ட என்ன சொன்னாராம்?”

“கதவு சாத்தியிருந்தது.” மறுபடியும் தமிழுக்கு வந்தான். “சத்தம் இல்லை. நின்னுக்கிட்டு இருந்திருக்கும், எப்பவும் போல. மேனேஜர் நாளைக்குப் பார்க்கலாம்னு மட்டும் சொல்லிட்டு கார்ல போயிட்டாரு.”

பையை இறக்கி வைத்தேன். கையைப் பாட்டில் தண்ணீரில் கழுவினேன். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். அந்த நொடியே ரஃபிகுல் போனை எடுத்து, “வாயில் வைத்துவிட்டார்!” என்று வங்காளியில் கத்தினான். போனுக்குள்ளே ஒரு கூச்சல் எழுந்தது, தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டது. குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். சொன்னேன். ரஃபிகுல் அதையும் போனில் சொன்னான். சமையல்காரர் அங்கிருந்து என் குடும்பத்தைப் பற்றி ஏதோ பதில் சொன்னார்.

டோட்டோக்காரர் எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டார். பையைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு, வந்த பக்கம் கை காட்டினேன்.

மறுநாள் காலை, சைட் வாசலில் மேனேஜரே நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவரை அங்கே நாங்கள் பார்த்ததில்லை. கையில் டீ. கொஞ்சம் தள்ளி மேடம் நின்றார். ரஃபிகுல், நிமாய், மற்றவர்கள் எல்லோரும் தலைக்கவசத்தோடு நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸ் உள்ள வேறு ஆபரேட்டர் அன்றைக்குக் கிடைத்திருக்கமாட்டார், அது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். ஆனால் அவர் நினைத்திருந்தால், ஆள் வரும்வரை தளம் அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். நேற்றைய கேலியை எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மேனேஜர் டீயைக் குடித்து முடித்தார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“என்னப்பா, இன்றைக்குப் புயல் ஏதாவது உண்டா?”

கேலி இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

“இங்கிருந்து தெரியாது சாஹேப். மேலே போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.”

“சரி. போய்ப் பார்த்துச் சொல்லு.”

எல்லோரும் உள்ளே நடந்தார்கள். மேடம் என் கையில் வாக்கியைக் கொடுத்தார். “பாட்டரி ஃபுல் சார்ஜ் ராஜ்தா” என்றார். அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை, முந்தின நாள் நான் விட்டுப் போன அதே வேலை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

ஏணியில் ஏறினேன். கேபினில் உட்கார்ந்து வடமேற்கைப் பார்த்தேன். ஏர்போர்ட்டில் விமானங்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தன. வானத்தில் ஒன்றும் இல்லை. வாக்கியை எடுத்து, “இப்போதைக்குப் புயல் இல்லை” என்றேன்.